ரூபனுக்கு நான் எழுதாத கடிதம்

ஆண்டவருக்கு நன்றி சொல்லித்தான் தொடங்க வேண்டும். இவ்வளவு நடந்த பிறகும் நன்றி சொல்ல எனக்கு ஒரு வாயை விட்டு வைத்திருக்கிறாரே, அதுவே பெரிய தயவு.

2007ஆம் ஆண்டு என் வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது. காலையில் வெறும் தேநீர் குடித்தால்கூட நெஞ்சு வரைக்கும் ஏறும். மாத்தளை ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று டாக்டரைப் பார்த்தேன். உறைப்பைக் குறைக்கச் சொன்னார், நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார், வெள்ளை மருந்து ஒரு போத்தல் கொடுத்தார். என் மனைவி விஜயா அன்றிலிருந்து சம்பலில் மிளகாயைப் பாதியாக்கினாள். சம்பல்தான் கெட்டது, எரிச்சல் போகவில்லை. காரணம் எனக்குத் தெரியும். காரணத்தின் பெயர் ரூபன். அதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

இந்தக் கதையில் பாதியை நம் சபையாராகிய நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நானே மூன்று தடவை மைக்கைப் பிடித்துச் சொன்னேன். நீங்கள் கை தட்டினீர்கள். சில தாய்மார் அழுதார்கள். மற்றப் பாதியை இப்போது எழுதுகிறேன். அது இல்லாவிட்டால் நான் சொன்னது சாட்சி அல்ல, தற்பெருமை.

நான் ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். எங்கள் டிவிஷனில் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிய முதல் ஆள். அதற்காகத் தோட்டத்தில் எனக்கு மாலை போட்டார்கள். "மால காஞ்சு உதிர்ந்து போச்சு, நீங்க மட்டும் இன்னும் கழட்டல" என்று விஜயா கேலி செய்வாள். உண்மைதான். பிறகு மாத்தளை டவுனுக்கு வந்து கம்ப்யூட்டர் கோர்ஸ் மூன்று முடித்தேன். சிங்களம் பேசவும் எழுதவும் எனக்குக் கை வந்த கலை. எட்டு வருடமாகக் கண்டியில் இருக்கிற கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டேன். இரண்டு இடத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு இடத்திலும் "அறிவிக்கிறோம்" என்றார்கள். இன்றுவரை அறிவிக்கவில்லை.

அப்போதுதான் பாஸ்டர் ஐயா சபைக்குப் பின்னால் இருந்த அறையில் கம்ப்யூட்டர் வகுப்பைத் தொடங்கினார். இந்தியாவில் அகதி முகாமில் இருந்து படித்துவிட்டுத் திரும்பி வந்தவர்களுக்கான வகுப்பு. வந்தவர்கள் சும்மா ஆட்கள் இல்லை. பட்டம் பெற்றவர்கள், டிப்ளோமா முடித்தவர்கள். ஆனால் இங்கே அவர்களுடைய சான்றிதழைக் கையில் வாங்கவே ஆள் இல்லை. சிங்களம் தெரியாது. பலருக்கு அடையாள அட்டை இல்லை. வேலை கேட்டால் அனுபவம் எங்கே என்பார்கள், அனுபவம் தாருங்கள் என்றால் முன்பு எங்கே வேலை செய்தாய் என்பார்கள். ஐயாவின் திட்டம் எளிமையானது. மூன்று மாதம் இங்கே சிங்களமும் அலுவலகப் பழக்கமும் சொல்லிக் கொடுப்பது, பிறகு ஏதாவது ஒரு கம்பெனியில் ஆறு மாதம் பயிலுநராகச் சேர்த்துவிடுவது. உள்ளே கால் வைத்துவிட்டால் மற்றதை அவர்கள் கெட்டிக்காரத்தனம் பார்த்துக்கொள்ளும்.

அந்த வகுப்புக்கு நான் உதவி ஆசிரியர். என்னைப் பிறர் "சேர்" என்று கூப்பிட்ட முதல் இடம் அது. என்னைவிட அதிகம் படித்தவர்கள் என்னிடம் வந்து "சேர், இத சிங்களத்துல எப்பிடிச் சொல்றது" என்று கேட்பார்கள். அது எனக்கு நன்றாகவே இருந்தது. ரூபன் வரும்வரை.

ரூபன் 2006 கடைசியில் வந்தான். அவனும் இந்த மாத்தளை மாவட்டத்துத் தோட்டத்தில் பிறந்தவன்தான். 83 கலவரத்தில் லயம் எரிந்ததும் அவன் குடும்பம் வன்னிக்குப் போனது. அங்கேயும் இருக்க முடியாமல் 90இல் படகேறி இந்தியாவுக்குப் போனது. முகாமில் இருந்துகொண்டே எம்.சி.ஏ. வரை படித்திருக்கிறான். அப்பா முகாமிலேயே இறந்துவிட்டார். போர் ஓய்ந்திருந்த நேரத்தில் அவன் அம்மா பாக்கியம், பிறந்த மண்ணுக்கே போவோம் என்று அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்த கொஞ்ச நாளில் சண்டை மறுபடியும் மூண்டது. எம்.சி.ஏ. படித்தவன் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் லொறிக்குக் கோவா மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். அங்கேதான் ஐயா அவனைக் கண்டுபிடித்தார்.

முதல் நாள் எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. இரண்டாம் நாள் அது போய்விட்டது. ஒரு மாதமாக ஓடாமல் கிடந்த கம்ப்யூட்டர் ஒன்றுக்கு நான் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். "மதர்போர்ட் செத்துப் போச்சு" என்று எல்லாருக்கும் தீர்ப்பும் சொல்லியிருந்தேன். அவன் துணியை எடுத்தான், பக்கத் தகட்டைக் கழற்றினான், எதையோ பிடுங்கித் துடைத்துத் திரும்பச் செருகினான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஓடியது. வகுப்பே கை தட்டியது. "அண்ணே, தூசிதான்" என்றான் என்னிடம், மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல். என் மானத்தைக் காப்பாற்றத்தான் மெதுவாகச் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

பிறகு பார்த்தால் அவனுக்குப் பாடவும் வருகிறது. ஞாயிறு ஆராதனையில் அவன் பாடினால் பின்வரிசையில் பேசிக்கொண்டிருக்கிறவர்களும் வாயை மூடுகிறார்கள். மூளையைக் கொடுத்தீரே ஆண்டவரே, குரலையும் ஏன் கொடுத்தீர் என்று கேட்டேன். நான் பாடினால் கீபோர்ட் வாசிக்கிறவர் சுருதியைத் தேடிக்கொண்டே இருப்பார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. "அந்தத் தம்பி வந்தா வச்ச சாப்பாட்ட ஒண்ணும் சொல்லாமச் சாப்பிடுது, தட்டயும் கழுவி வச்சிட்டுப் போகுது" என்றாள் விஜயா. ரொட்டி சுட்டால் அவனுக்கு இரண்டு சுற்றி என்னிடமே கொடுத்துவிடுவாள். நான் அதைச் சுமந்துகொண்டு போய்க் கொடுப்பேன். ஒரு நாள் வழியில் ஒன்றை நானே தின்றுவிட்டேன். பசிக்கவில்லை. வேண்டுமென்றேதான் தின்றேன்.

அந்தக் காலத்து என் ஜெபத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன். "ஆண்டவரே, ரூபனை ஆசீர்வதியும். கொழும்பிலே வைத்து ஆசீர்வதியும். முடிந்தால் கனடாவிலே வைத்து ஆசீர்வதியும். மாத்தளையிலே வேண்டாம்." தினமும் முழங்காலில் நின்று இதைத்தான் கேட்டேன். இது ஜெபம் என்று நம்பவும் செய்தேன்.

2007 நடுப்பகுதியில் கண்டியிலுள்ள ஒரு மென்பொருள் கம்பெனி, ஒரே ஒரு பயிலுநரை எடுப்பதாக ஐயாவுக்குச் சொன்னது. ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தால் நிரந்தர வேலை. ஐயா ரூபனின் பெயரை எழுதினார். நான் கேட்டேன்.

"ஐயா, இந்தத் தடவ என் பேரையும் போடுங்க."

"ஒங்களுக்குத்தான் இங்க வேல இருக்கே, எட்வின்."

"இது வேலையா ஐயா? எல்லாரையும் பஸ் ஏத்தி அனுப்பிட்டு நான் மட்டும் ஸ்டாண்டுலயே நிக்கிறேன்."

 ஐயா என் பெயரையும் எழுதினார். கம்பெனி ரூபனை வியாழக்கிழமைக்கும் என்னை வெள்ளிக்கிழமைக்கும் கூப்பிட்டது. ரூபன் சரியாகச் செய்துவிட்டால் வெள்ளிக்கிழமை நான் போவது வெறும் பஸ் செலவு. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அதற்கு முந்தின வெள்ளி உபவாச ஜெபத்தில் ரூபன் என் முன்னால் வந்து முழங்காலிட்டான். "அண்ணே, எனக்காக நீங்க ஜெபிக்கணும். நீங்கதான் எனக்கு சிங்களம் சொல்லிக் கொடுத்தது." எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தலையில் கை வைத்தேன். என் வாழ்நாளிலேயே அவ்வளவு அழகாக நான் ஜெபித்ததில்லை. சொற்கள் தாமாக வந்து விழுந்தன. கதவுகள் திறக்கட்டும், வழிகள் செவ்வையாகட்டும் என்றேன். எல்லாரும் ஆமென் என்றார்கள். என் உள்ளங்கைக்குக் கீழே அவன் தலை சூடாக இருந்தது. என் மனதுக்குள் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: இவன் போகக்கூடாது.

இப்போது கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருடங்களில் ரூபனைப்போல அடையாள அட்டை இல்லாத தமிழ் இளைஞன் பஸ்ஸில் போவதென்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். அதனால் எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. யார் வெளியூர் போனாலும் சிங்களத்தில் ஒரு கடிதம் நான் தயார் செய்வேன். இவர் இன்னார், இந்தச் சபையின் பயிற்சியில் இருக்கிறார், இந்தத் தேதியில் இந்த இடத்துக்கு இந்தக் காரணத்துக்காகப் போகிறார் என்று எழுதி, சபை முத்திரை வைத்து, ஊர் அதிகாரியான கிராம சேவகரின் கையெழுத்தும் வாங்கி, மழை படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுப்பேன். சோதனைச் சாவடியில் நிற்கிறவருக்கு இங்கிலீஷ் கடிதம் வெறும் தாள். சிங்களக் கடிதம்தான் ஆளைக் காப்பாற்றும். இதை வகுப்பின் முதல் நாளே எல்லாருக்கும் சொல்கிறவன் நான்.

ரூபனுக்கு நான் அதை எழுதவில்லை.

மறந்துவிட்டேன் என்று பிறகு சொன்னேன். மறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை கிராம சேவகரின் அலுவலக வாசல்வரை போனேன். உள்ளே நாலே நாலு பேர்தான் இருந்தார்கள். நான் திரும்பிக் கடைக்குப் போய் ஒரு தேநீர் குடித்தேன். புதன் பின்னேரம் ரூபன் வந்து, "அண்ணே, லெட்டர்?" என்றான்.

"கிராம சேவகர் கந்தோர்ல இல்ல தம்பி. கம்பெனி அனுப்பின இங்கிலீஷ் லெட்டர் இருக்குதானே, அது போதும்."

"போதுமாண்ணே?"

"போதும்னா போதும்."

நம்பினான். அவனைக் கைது செய்யட்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை ஆண்டவர் அறிவார். சாவடியில் இறக்கி விசாரிப்பார்கள், மாத்தளைக்கே திருப்பி அனுப்புவார்கள், நேரம் தப்பிவிடும், அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டேன். என் கணக்கு எப்போதும் இப்படித்தான், அடுத்தவன் பக்கம் மட்டும் கழியும்.

வியாழன் காலை பதினொரு மணிக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ரூபன் இன்னும் வரவில்லையே என்று கேட்டார்கள். போனை எடுத்தது நான். "தெரியாது, காலையிலேயே புறப்பட்டானே" என்றேன். போனை வைத்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். மறைக்கமாட்டேன். வீட்டுக்குப் போய் அடுத்த நாளுக்கான சட்டையை நானே அயன் செய்தேன். மத்தியானம் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். அன்றைக்கு வயிறு எரியவே இல்லை.

நான் சபைக்குத் திரும்பியபோது, டவுனில் கிராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிற ஹனிபா நானா வாசலில் நின்று ஐயாவோடு பேசிக்கொண்டிருந்தார். அவரும் அதே பஸ்ஸில்தான் காலையில் போயிருக்கிறார்.

"ஒங்கட கம்ப்யூட்டர் வகுப்புத் தம்பிய பஸ்ஸால எறக்கிட்டாங்க, ஐயா. பொறந்தது எங்கன்னு கேட்டாங்க, மாத்தளைன்னாரு. எங்கேருந்து வந்தன்னு கேட்டாங்க, இந்தியான்னாரு. அதுக்கு முந்தின்னா வன்னின்னாரு. முடிஞ்சிச்சே. இங்கிலீஷ் கடதாசி ஒன்ட நீட்டினாரு, அத யாரும் வாசிக்கல்ல. நான் ரெண்டு வார்த்த சொல்லப் பாத்தேன், ஏறு ஏறுன்னு என்னய பஸ்ஸுல ஏத்திட்டாங்க."

ஐயா என்னைப் பார்த்தார். "சிங்களக் கடிதம் கையில இருந்திச்சுதானே, எட்வின்?"

"இருந்திச்சு ஐயா" என்றேன். நாக்கு யோசிக்கவே இல்லை.

அந்த ஒரு சொல்தான் நிலைமையைக் கெடுத்தது. ஐயா அந்தச் சாவடிக்குப் பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போன் பண்ணி, எங்கள் முத்திரை வைத்த கடிதம் அந்தப் பையனிடம் இருக்கிறது, பாருங்கள் என்று உறுதியாகச் சொன்னார். அவர்கள் தேடினார்கள். இல்லை. கடிதத்தை எறிந்துவிட்டானா, யாருக்காவது கொடுத்துவிட்டானா, இல்லை சபைக்காரர் பொய் சொல்கிறார்களா என்று சந்தேகம் கூடிவிட்டது. காலையில் கொழும்புக்கு அனுப்பி விசாரிக்கப் போகிறோம் என்றார்கள். அந்த வருடம் கொழும்புக்கு அனுப்பிய பிள்ளைகளை அவர்களுடைய தாய்மார் எங்கெங்கே தேடினார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை.

பாக்கியம் அம்மா அதற்குள் செய்தி கேட்டு வந்துவிட்டார். அழவில்லை. சபை வாசல் படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத்தான் தேடினார். "எட்வின் தம்பி, நீங்க கடிதம் எழுதிக் குடுத்தீங்கதானே. நீங்க எழுதினா நல்லாத்தான் எழுதியிருப்பீங்க. அப்ப விட்ருவாங்க, இல்லியா?"

நான் தலையை ஆட்டினேன். பிறகு கம்ப்யூட்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

அன்றைக்குத்தான் நான் ஜெபம் பண்ணக் கற்றுக்கொண்டேன். அழகான சொல் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, நான்தான். நான்தான் செய்தேன். அவனை விடுவியும். அந்த வேலை எனக்கு வேண்டாம். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும், அந்த அம்மாவின் முகத்தை மட்டும் இனி என்னால் பார்க்க முடியாது." தரையில் கிடந்து இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பதிலாக ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. என் பொய் கட்டிய முடிச்சு இது. உண்மையைச் சொல்லாமல் அவிழாது. எழுந்தேன். 

ஐயாவிடம் போய், "கடிதம் குடுக்கல ஐயா, விட்டுப்போச்சு" என்றேன். பாதி உண்மை. முழுதும் சொல்ல வாய் வரவில்லை. ஐயா கோபப்படவில்லை. "இப்ப எழுதுங்க" என்றார். ஐயா போன் பக்கத்திலேயே இருந்து கண்டியில் தெரிந்த வக்கீல்களைத் தேடினார். நான் பத்து நிமிடத்தில் கடிதத்தை அடித்து எடுத்துக்கொண்டு கிராம சேவகரின் வீட்டுக்கு ஓடினேன். அவர் சிங்களவர், நல்ல மனிதர். செத்த வீடொன்றுக்குப் போக வெள்ளை உடுத்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். ஐந்து நிமிடம் பிந்தியிருந்தால் அவரைப் பிடித்திருக்க முடியாது.

கடிதத்தை வாசித்துவிட்டுக் கேட்டார். "செவ்வாய்க்கிழம நான் கந்தோர்லதானே இருந்தேன். ஏன் வரல்ல?"

"வந்தேன் மாத்தயா. உள்ள வரல்ல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.  கையெழுத்துப் போட்டார். "கடதாசி மட்டும் போனா இனி நம்பமாட்டாங்க. இருங்க, நானும் வாறேன்" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டார். அவரை யாரும் கூப்பிடவில்லை. எனக்குக் கிடைத்த முதல் பதில் அதுதான் என்று நம்புகிறேன்.

பொலிஸ் நிலையத்தில் ரூபன் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தான். நேர்முகத்துக்காக உடுத்திய வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது. அடித்திருக்கவில்லை. என்னைக் கண்டதும் அவன் முகம் தெளிந்தது. அண்ணன் வந்துவிட்டார் என்ற தெளிவு. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

பொறுப்பதிகாரி கடிதத்தைப் பார்த்தார். "மத்தியானம் கடிதம் இருக்குன்னு போன் பண்றீங்க. பின்னேரம் இன்னைக்குத் தேதி போட்டு ஒரு கடிதம் கொண்டு வாறீங்க. யாரை ஏமாத்துறீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார். கிராம சேவகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையைக் காட்டித் தடுத்துவிட்டு என்னையே பார்த்தார். உள்ளே போனவனுக்காகப் பேசப் போனவனும் உள்ளே போன காலம் அது. 

"சேர், கடிதம் குடுக்க வேண்டியவன் நான். குடுக்கல்ல. பாஸ்டர்கிட்ட குடுத்தேன்னு பொய் சொன்னவனும் நான்தான்."

"ஏன் குடுக்கல்ல?"

"இரிசியாவ, சேர்."

பொறாமை என்பதற்குச் சிங்களத்தில் அதுதான் சொல். அதிகாரி சரியாகக் கேட்கவில்லை என்பதுபோலத் திரும்பவும் கேட்டார். நான் முழுவதும் சொன்னேன். ஒரே வேலைக்கு இரண்டு பேர் என்றும், அவன் என்னைவிடக் கெட்டிக்காரன் என்றும், அவன் நேரத்துக்குப் போய்ச் சேரக்கூடாது என்று நினைத்தேன் என்றும் சொன்னேன். பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் பேனையை வைத்துவிட்டார். அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "இந்தக் கதிரையில ஒக்காந்து எத்தனையோ கத கேட்டுட்டேன்" என்றார் கிராம சேவகரிடம். "தன்னைத்தானே இப்பிடிக் கேவலப்படுத்துற கதைய எவனும் இட்டுக்கட்ட மாட்டான். இந்த மனுசன் சொல்றது உண்ம."

கிராம சேவகர் பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைத்தார். ஒரு மணி நேரத்துக்குள் ரூபனை விட்டுவிட்டார்கள். என் பொறாமையை வைத்தே ஆண்டவர் அவனை வெளியே கொண்டுவந்தார். இதை எப்படி விளங்கிக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பஸ்ஸில் நானும் அவனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். கிராம சேவகர் முன்சீட்டில் இருந்தார். கொஞ்ச தூரம் போனதும் ரூபன் கேட்டான். "அண்ணே, நீங்க பேசினதுல பாதி புரிஞ்சது. இரிசியாவன்னா என்ன? அத நீங்க வகுப்புல சொல்லிக் கொடுக்கலியே."

பொலிஸ்காரரிடம் சொல்ல முடிந்ததை அவனிடம் சொல்ல முடியவில்லை. மூன்று தரிப்பிடம் தாண்டிய பிறகுதான் சொன்னேன். "பொறாம. ஒம்மேல. கடிதத்த வேணுமின்னுதான் எழுதல்ல."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவனுக்கு அது விளங்கவே இல்லை. "எம்மேலயா?" என்றான். "என்கிட்ட என்னண்ணே இருக்கு?"

 

மறுநாள் வெள்ளிக்கிழமை. என் நேரத்துக்கு ரூபனைக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை அவன் பையில் சிங்களக் கடிதம் இருந்தது. கம்பெனி மேலாளரிடம், "என் நேரத்த இவருக்குக் குடுங்க" என்று மட்டும் கேட்டேன். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டபோதும் வயிறு எரிந்தது. நான் மாறிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. ரூபனை எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் நிரந்தரமாக்கினார்கள். இப்போது அதே கம்பெனியின் கொழும்புக் கிளையில் இருக்கிறான்.

நான் பிறகு என்ன செய்தேன் தெரியுமா? சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். "பொலிஸில் அகப்பட்ட சகோதரனை மீட்க ஆண்டவர் என்னைப் பயன்படுத்தினார்." பொறாமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடிதத்தைப் பற்றி "ஒரு சிறு தவறு" என்றேன். ரூபன் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். எழுந்து மறுக்கவில்லை. அவன் மறுத்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவன் பெருந்தன்மையைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். இந்த நோய்க்கு எதுவும் தீனிதான்.

இரண்டு வருடம் இப்படியே போனது. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் பாக்கியம் அம்மா என்னிடம் வருவார். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். ஒன்றும் சொல்லமாட்டார். மகனை மீட்டுக் கொடுத்தவன் என்ற நன்றிதான் என்று நினைத்து நான் கூசிப்போவேன். சில ஞாயிறுகளில் பின்கதவால் ஓடியிருக்கிறேன். வாசலில் நிற்கும் அவரைத் தாண்டாமல் வீட்டுக்குப் போக வேறு வழி தேடினேன்.

போன மாதம் என்னால் முடியவில்லை. ஞாயிறு கூட்டம் கலைந்ததும் நானே அவரிடம் போனேன். அவர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"அம்மா, என் கையப் புடிக்காதீங்க. ரூபனுக்கு அன்னைக்குக் கடிதம் விட்டுப்போகல. நான்தான் வேணுமின்னே குடுக்கல்ல. பொறாமையில செஞ்சேன். அவன பொலிஸுல மாட்ட வச்சதே நான்தான்."

 அவர் சொன்னார். "தெரியும் தம்பி. அன்னைக்கே ரூபன் சொல்லிட்டான்."

 "தெரிஞ்சா அப்புறம் ஏம்மா வாராவாரம் என் கையப் புடிச்சீங்க?"

"மொத நாள் ஒங்க மூஞ்சியப் பாக்கவே எனக்குப் புடிக்கல. சபிச்சிருவேனோன்னு பயமா இருந்திச்சு. அதான் கையப் புடிச்சேன், கைய வச்சா சபிக்க முடியாதுல்ல. ஆண்டவரே, இந்தத் தம்பி அவரு வாயாலேயே என்கிட்ட சொல்லட்டும், அதுவரைக்கும் என் மனசக் காத்துக்கொள்ளும்னு கேட்டேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அதத்தான் கேட்டேன்."

ரூபனின் விடுதலைக்காக நான் செய்த ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது, அதற்கு நன்றி. ஆனால் அருமையானவர்களே, இந்தக் கதையில் பெரிய பதில் அதுவல்ல. இரண்டு வருடம் ஒரு தாய் தன் மனதோடு போராடிச் செய்த ஜெபம்தான் பெரிது, அதற்குப் பதில் நான்.

இப்போதும் நான் அதே வகுப்பில்தான் இருக்கிறேன். இந்தியாவிலிருந்து வந்தவர்கள், வன்னியிலிருந்து வந்தவர்கள் என்று பலரைக் கம்பெனிகளுக்கு அனுப்பியிருக்கிறேன். சிலரை அனுப்பும்போது எளிதாக இருக்கிறது. சிலர் கெட்டிக்காரர்களாக இருந்தால் இன்னும் உள்ளே சுருக்கென்று குத்துகிறது. அப்போது அவர்கள் பெயரைச் சொல்லி, எனக்குப் பொறாமையாக இருக்கிறது ஆண்டவரே என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பதில்லை.

உங்களுக்கும் அப்படி ஒருவர் இருக்கலாம். அவருக்காக நீங்கள் அழகாக ஜெபித்துக்கொண்டும் இருக்கலாம். அழகை விட்டுவிடுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், ஆண்டவர் கேட்கிறார். சொன்ன பிறகு எழுந்து அந்த ஆளிடம் போங்கள். இரண்டு வருடம் தாமதித்தவன் சொல்கிறேன், இந்த ஞாயிறே போங்கள். அங்கே உங்களுக்காக ஜெபித்துக்கொண்டு ஒருவர் காத்திருக்கக்கூடும்.